வாக்கியத்தைப் பெட்டிக்குள் அடைக்கலாமா?

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று இம்மலரைக் கையிலெடுக்கும் பெரியவர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும், பழைய நூலொன்று மறுவாழ்வு பெறும் இடம் இன்று அச்சுக்கூடமன்று, கணிப்பொறியேயாகும். அங்கே அதனை எவ்வடிவில் எழுதி வைப்பது என்னும் முடிவைத் தமிழ் கற்றோர் பிறர் கையில் விட்டுவிடுவாராயின் யாது நேரும் என்பதை நாம் பட்டறிந்தோம். அந்தப் பட்டறிவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெரியவர் ஒருவர், தம் பாட்டனார் எழுதி அச்சிட்ட உரைநூல் ஒன்றை எம் துறைக்கு அளித்திருந்தார். ஓரங்கள் செல்லரித்த நூல். தாள்களோ தொட்டால் ஒடியும் நிலையில் இருந்தன. வேறு படி எங்கும் எமக்குக் கிட்டவில்லை. மாணவர்கள் சிலர் ஆர்வத்தோடு முன்வந்து அதனைத் தட்டச்சு செய்தனர். தட்டச்சு செய்ததோடு நில்லாமல், எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் நூலின் உறுப்புகளை அடையாளப்படுத்தியும் வைத்தனர். இது எங்கே மூலச்செய்யுள், இது எங்கே உரை, இது ஊர்ப்பெயர், இது நூற்பெயர், இது பதிப்பாளர் இடையில் சேர்த்த குறிப்பு என்றெல்லாம் கணிப்பொறிக்குச் சொல்லி வைக்கும் ஏற்பாடு அது.

இம்முறையை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம். எக்ஸ்.எம்.எல். முறையில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தொடக்கக் குறிக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் இடையே அமையும். குறிகளின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு இம்முறை இடந்தருகிறது. ஓர் உறுப்புக்குள் வெறும் எழுத்து மட்டும் இருக்கலாம். வேறு உறுப்புகள் மட்டும் இருக்கலாம். அவற்றைச் சேய் உறுப்புகள் என்பர். எழுத்தும் சேய் உறுப்புகளும் விரவியும் வரலாம். இம்மூன்றாவதே கலப்பு உள்ளடக்கம் எனப்படுகிறது. நாம் பேச வந்த வழக்கு இதனைப் பற்றியதுதான்.

கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த நாளுக்கு ஒரு கட்டம், தந்தை பெயருக்கு ஒரு கட்டம். கட்டங்களுக்கு இடையே யாரும் எதனையும் எழுதுவதில்லை. எழுதினால் அலுவலகத்தில் படிவத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இனி ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

<பத்தி>அவர் <இடம்>மதுரை</இடம்>யில் இருந்தபோது <நூல்>நன்னூல்</நூல்> பயின்றார்.</பத்தி>

இங்கே ‘அவர்’ என்பதும், ‘யில் இருந்தபோது’ என்பதும், ‘பயின்றார்’ என்பதும் எந்தச் சேய் உறுப்புக்குள்ளும் அடங்காமல் வெளியே நிற்கின்றன. படிவத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இஃது ஒழுங்கின்மையாகத் தோன்றும். நமக்கோ இஃது ஒரு வாக்கியம், அவ்வளவே.

கலப்பு உள்ளடக்கம் கூடாது என்போர் பலர் உளர். அவர்கள் வீணாகப் பேசுவோர் அல்லர்; கணிப்பொறியில் நாள்தோறும் உழைப்பவர்கள். அவர்கள் பக்கத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவது நம் கடமை.

கலப்பு உள்ளடக்கத்தில் எந்தெந்தச் சேய் உறுப்பு வரலாம் என்று மட்டுமே எக்ஸ்.எம்.எல்.லின் பழைய இலக்கண முறையால் விதிக்க இயலும். அவை எந்த வரிசையில் வரவேண்டும், எத்தனை முறை வரவேண்டும் என்று விதிக்க இயலாது. 2001-இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா வரிசையைக் கட்டுப்படுத்த வழி செய்தது. ஆயினும் இடையில் நிற்கும் எழுத்து எண்ணாக இருக்கவேண்டும் அல்லது நாளாக இருக்கவேண்டும் என்று விதிக்க அதுவும் இடந்தரவில்லை. கட்டம் கட்டமாக அமைந்த தரவுத்தளத்தில் இத்தகைய உறுப்பைச் சேமிப்பதும் தொல்லை. பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதும் தொல்லை.

வெற்றிடத்தைப் பற்றிய குறை இன்னும் பெரிது. கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று ஒரு மென்பொருள் ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில் இறக்கி, உள்தள்ளி எழுதிவிடும். சேர்க்கைப் படிவத்தில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. மேலே காட்டிய வாக்கியத்திலோ ‘மதுரை’ ஒரு வரியிலும் ‘யில்’ அடுத்த வரியிலும் போய் விழும். சேர்க்கப்பட்ட வெற்றிடமும் எழுத்தாகவே கருதப்படும். ஏனெனில் குறியல்லாத ஒவ்வோர் எழுத்தையும் நிரலிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது எக்ஸ்.எம்.எல்.லின் சட்டம். பொருளுடைய வெற்றிடம் எது, அழகுக்கு இட்ட வெற்றிடம் எது என்று அறிய நிரலுக்கு வழியில்லை. இக்குறையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்த முறை யாருக்காக உண்டாயிற்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பதே நம் கருத்து. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர், சட்ட அலுவலக ஆவணங்களைக் கணிப்பொறியில் கையாளும் முயற்சியில் ஜி.எம்.எல். என்னும் முறையை வகுத்தனர். அதன் வழியில் வந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் உலகத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றது. 1987-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பக்கீப்ஸி நகரில், வாஸர் கல்லூரியில், இலக்கியத்தையும் மொழியையும் கணிப்பொறியில் ஆராய்வோர் கூடி, நூல்களைக் குறியிடுவதற்குப் பொதுநெறி காண முற்பட்டனர். டி.இ.ஐ. என்னும் அந்நெறி இன்றளவும் வழக்கில் உள்ளது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஸ்பெர்பெர்க்-மக்குவீன். 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான எக்ஸ்.எம்.எல். விதிநூலின் பதிப்பாசிரியர் மூவருள்ளும் அவர் ஒருவர். பழைய நூல்களை ஆராய்வோர் வகுத்த நெறியும் எக்ஸ்.எம்.எல்.லும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சட்டம், கையேடு, அகராதி, காப்பியம், உரைநூல் ஆகியவற்றுக்காக எழுந்த வீடு இது. வாணிகத்தார் பின்னர் வந்து குடியேறினர். பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு எக்ஸ்.எம்.எல். வசதியாக இருந்தது. வந்தவர்கள் கூடத்தைப் பார்த்து, இத்தனை பெரிய கூடம் எதற்கு, குறுக்கே சுவர் எழுப்பி அறை அறையாகத் தடுத்துவிடலாமே என்றார்கள். இன்று அவர்களுள் பெரும்பாலோர் ஜேசன் என்னும் எளிய முறைக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அம்முறையில் கலப்புக்கே இடமில்லை. கணக்குக்கு அது போதும். நாம் அதனைக் குறை கூறவில்லை. ஆனால் அம்முறையில் பழகிய கை உரைநூலைத் தொடும்போது மீண்டும் சுவர் எழுப்பவே முனைகிறது.

எம் துறையில் நேர்ந்தது இதுதான். எம்மிடம் பயின்று மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் மிக்க அன்போடு உதவ வந்தார். நாங்கள் அமைத்திருந்த கோப்பைப் பார்த்ததும், “ஐயா, இப்படி எழுத்தையும் உறுப்பையும் கலந்து வைப்பது முறையில்லை, வெளியே நிற்கும் ஒவ்வொரு துண்டையும் ஓர் உறுப்புக்குள் போட்டுவிடுங்கள்” என்றார். ஓர் இயலை அவர் சொன்னவாறே மாற்றிப் பார்த்தோம். ‘அவர்’ என்பது ஒரு துண்டு. ‘யில் இருந்தபோது’ என்பது ஒரு துண்டு. ‘பயின்றார்’ என்பது ஒரு துண்டு. வரியை உள்தள்ளினால் வரும் கேடு நீங்கியது உண்மை. ஆனால் ‘யில் இருந்தபோது’ என்பது என்ன? சொல்லா, தொடரா, சொற்றொடரின் பகுதியா? எந்த இலக்கண நூலிலும் அதற்குப் பெயரில்லை. இரண்டு குறிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதியில்லை. உறுப்பு என்று பெயர் சூட்டிவிட்டால் பின்னால் வருவோர் அதற்கு ஒரு பொருள் இருப்பதாகவன்றோ எண்ணுவர்?

இப்படிச் செய்த பெருமுயற்சி ஒன்று உலகில் உண்டு. நாம் அனைவரும் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வேர்டு கோப்பின் உள்ளமைப்பே அது. 2006-இல் எக்மா அமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட அவ்வடிவத்தில், பத்திக்குள் எழுத்து நேரே நிற்பதில்லை. ஓட்டம் என்னும் உறுப்பு, அதற்குள் எழுத்து என்னும் உறுப்பு, அதற்குள்தான் சொற்கள். விளைவு என்னவென்று அறிய விரும்புவோர், பலமுறை திருத்திய வேர்டு கோப்பு ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். எழுதும்போது எங்கே நிறுத்தினோம், எங்கே திருத்தினோம் என்பதற்கேற்ப ஒரே சொல் இரண்டு மூன்று துண்டாகச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். மென்பொருள் படிப்பதற்கு அது வசதி. மனிதர் படிப்பதற்கு அன்று. இதற்கு மாறாக, 2005-இல் ஓயாசிஸ் அமைப்பு வெளியிட்ட ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவத்தில் பத்திக்குள் எழுத்தும் உறுப்பும் கலந்தே நிற்கின்றன. இரண்டும் நடைமுறையில் உள்ளன. ஆகவே கலப்பு உள்ளடக்கத்தைக் கையாளவே முடியாது என்னும் வாதம் நில்லாது.

இனி எமக்கு நேர்ந்த பெருந்துன்பத்தைச் சொல்லவேண்டும். பதிப்பாளர் குறிப்புகளை நீக்கிவிட்டு, உரையை மட்டும் தொடர்ச்சியாகப் படிக்கத்தக்க ஒரு படி வேண்டும் என்று கருதினோம். மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் எலிமென்ட்-ட்ரீ என்னும் கருவியைக் கொண்டு, குறிப்பு என்னும் உறுப்பை எல்லா இடத்திலும் நீக்கும் சிறு நிரலை எழுதினார். நொடிப்பொழுதில் வேலை முடிந்தது. மகிழ்ந்தோம். அச்சுப்படி எடுத்துப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இரண்டு நாள் கழித்து அவரே துறைக்கு வந்தார். “தம்பி, எங்கள் பாட்டனார் மறுத்த கருத்தை அவரே சொன்னதாகப் போட்டிருக்கிறீர்களே” என்றார். குரலில் சினமில்லை, அதுவே எங்களை வாட்டியது. அவர் காட்டிய இடத்தில், ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கொள்வாரும் உளர் என்று உரைகாரர் எடுத்துக்காட்டி, பதிப்பாளர் குறிப்பு ஒன்று இடையிட, அஃது ஈண்டைக்குப் பொருந்தாது என்று முடித்திருந்தார். எம் படியில் அந்த முடிவைக் காணோம். தேடியபோது நூல் நெடுகிலும் அதே நிலை.

காரணம் இதுதான். அந்தக் கருவியின் கணக்கில், ஓர் உறுப்புக்குப் பின்னால் வரும் எழுத்து அவ்வுறுப்பின் வால். வால் என்பது நாம் இட்ட பெயரன்று. ஆங்கிலத்தில் டெயில் என்றே அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். உறுப்பை நீக்கினால் வாலும் உடன் போய்விடும். குறிப்பு முடிந்த இடத்திலிருந்து அடுத்த குறி வரும் வரையில் உள்ள உரைகாரரின் சொற்கள் யாவும், பதிப்பாளர் குறிப்பின் வாலாகக் கருதப்பட்டு வெட்டுண்டன.

வேறு மொழியில் இப்படி நேர்ந்தால் என்ன போகும் என்று அறியோம். தமிழில் போனது பயனிலை. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் ஈற்றில் நிற்பது. ஆம் என்பதும் அன்று என்பதும், உண்டு என்பதும் இல்லை என்பதும் கடைசியில்தான் வரும். வாலை வெட்டிய கருவி, தன்னையறியாமல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் வெட்டியது. எதிர்வாதம் நூலாசிரியரின் வாதமாயிற்று.

பழைய மாணவரிடம் இதனைத் தெரிவித்தபோது, “நான் அப்போதே சொன்னேனே, கலந்து வைத்ததால் வந்த வினை” என்றார். நாம் அவ்வாறு கருதவில்லை. 1998-இல் இணையக் கூட்டமைப்பு வெளியிட்ட டாம் என்னும் அமைப்பில், உறுப்புக்குப் பின்னால் வரும் எழுத்து யாருக்கும் வாலன்று; உறுப்பைப் போலவே தனக்கென ஓர் இடமுடைய தனிக்கணு. அங்கே குறிப்பை நீக்கினால் குறிப்பு மட்டுமே போகும். முன்னும் பின்னும் உள்ள எழுத்து நிலைத்து நிற்கும். எனவே பிழை வாக்கியத்தின் இயல்பில் இல்லை. வாக்கியத்தை உறுப்புகளின் பட்டியலாகவும், இடையிலுள்ள சொற்களை அவற்றின் ஒட்டாகவும் பார்த்த பார்வையில் உள்ளது. எம் பிழையும் உண்டு. நீக்குவதற்கு முன்னும் பின்னும் எழுத்துகளை எண்ணி ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவசரப்பட்டோம்.

எல்லாவற்றையும் கலந்தே வைக்கவேண்டும் என்பதும் நம் கட்சியன்று. நம் உரைமரபே இதற்கு வழிகாட்டுகிறது. பதவுரை என்பது சொல்லும் பொருளும் இணை இணையாக அமைவது. அதனைக் கட்டங்களில் நிரப்பினால் ஒரு குறையும் வாராது. பயன்தான் மிகும், அகராதி செய்வார்க்கு உதவும். விரிவுரை அப்படிப்பட்டதன்று. அதில் மூலத்தின் சொல் வரும், அதன் இலக்கணம் வரும், மேற்கோள் வரும், பிறர் கருத்து வரும், மறுப்பு வரும். யாவும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில் வரும். பதவுரைக்குக் கட்டம், விரிவுரைக்குக் கலப்பு என்று பிரித்துக்கொள்வதே தக்கது. ஒரே கோப்பில் இரண்டும் இருப்பதற்கு எக்ஸ்.எம்.எல். இடந்தருகிறது.

குறிகளை நூலுக்குள் இடாமல் தனிக்கோப்பில் வைத்து, இத்தனையாவது எழுத்து முதல் இத்தனையாவது எழுத்து வரை ஊர்ப்பெயர் என்று எண்ணிக் காட்டலாமே என்பாரும் உளர். நல்ல யோசனைதான். ஆனால் நாகூர் என்பதில் எத்தனை எழுத்து? தமிழாசிரியரைக் கேட்டால் மூன்று என்பார். யூனிகோடு கணக்கில் ஆறு. கால், கொம்பு, புள்ளி யாவும் தனித்தனியே எண்ணப்படும். தட்டச்சில் விடுபட்ட ஒற்று ஒன்றைத் திருத்தினாலும் அதற்குப் பின்னுள்ள எண்கள் யாவும் நழுவும். மாணவர் கையில் ஒப்படைக்கும் வேலைக்கு இது தகாது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது எங்களைப் பல நாள் உறங்கவிடவில்லை. மதுரை என்பதோடு இல் சேர்ந்தால் இடையில் யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுகிறது. அந்த யகரம் ஊர்ப்பெயரைச் சேர்ந்ததா, உருபைச் சேர்ந்ததா? முடிவுக் குறியை எங்கே இடுவது? மதுரையாவது பரவாயில்லை. நாகூரில் என்னும்போது ரகர மெய்யின்மேல் இகரம் ஏறி ‘ரி’ என ஒரே எழுத்தாகிவிடுகிறது. பெயரின் ஈறும் உருபின் முதலும் ஒரே எழுத்துக்குள். அங்கே குறியிட்டால் பெயர் ‘நாகூர’ என நிற்கும். வெளியே விசிறி மட்டும் தனித்துத் தொங்கும். காயல்பட்டினத்தில் என்றாலோ மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது, பெயரே உருமாறிவிடுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் படிக்கும் மாணவன் வகுப்பில் மனப்பாடம் செய்பவை இங்கே கணிப்பொறித் திரையில் உயிரோடு எதிர்நிற்கின்றன. சொற்களுக்கிடையே எப்போதும் வெற்றிடம் விட்டு எழுதும் மொழியைக் கருத்திற்கொண்டு செய்த கருவிகள் இதனை எதிர்பார்க்கவில்லை. இதனைத் தீர்க்கவேண்டியவர்கள் தமிழ் இலக்கணம் அறிந்தவர்களே.

நாங்கள் கண்ட வழி எளியது. உருபையும் சேர்த்து முழுச்சொல்லையும் குறிக்குள் வைப்பது. நாகூர், காயல்பட்டினம் எனத் திரியாத பெயரை அக்குறியின் பண்பாக எழுதி வைப்பது. படிப்பவர் கண்ணுக்கு ‘நாகூரில்’ என்பது குலையாமல் தெரியும். ஊர்ப்பெயர் தேடுவார்க்கு ‘நாகூர்’ கிடைக்கும். மதுரைக்கும் இப்போது இதனையே செய்கிறோம். மேலே காட்டிய எடுத்துக்காட்டு நாங்கள் தொடக்கத்தில் இட்ட முறை.

பெரியவரின் நூலை முதலிலிருந்து மீண்டும் செம்மை செய்து வருகிறோம். கோப்பைத் தானாக உள்தள்ளும் வசதியை எல்லாக் கணிப்பொறியிலும் நிறுத்தி வைத்திருக்கிறோம். எந்த நிரலை ஓட்டினாலும் முன்னும் பின்னும் எழுத்தெண்ணிக்கை குறித்துக்கொள்ள ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பெரியவர் வாரந்தோறும் வெள்ளி மாலையில் வந்து, மூலநூலைத் தம் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாணவர் உரக்கப் படிக்கக் கேட்கிறார். வாக்கியம் முடியும் இடம் வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். முடிந்தால் மேலே படிக்கச் சொல்லிக் கையை அசைப்பார். இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளையில் ஏழாம் இயல் நடந்துகொண்டிருக்கிறது.